பாதி வழியில் மருத்துவர் மாறினால்: மேற்கு ஆஸ்திரேலியாவின் உதவி மரணச் சட்டத்தில் பொறுப்பை ஒப்படைக்கும் முறை

பெர்த்தில் ஒரு அம்மா. வயது 68. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய். கை விழுந்துவிட்டது, பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. மனம் மட்டும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. யோசித்து, யோசித்து, மருந்தின் மூலம் தன் வாழ்க்கையை முடித்துக்கொள்ளச் சட்டப்படி மருத்துவ உதவி கேட்டு விண்ணப்பித்துவிட்டார். முதல் மதிப்பீடு முடிந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய மருத்துவர் நீண்ட விடுப்பில் போக வேண்டியதாகிறது. இனி என்ன? எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

இந்த அம்மா கற்பனை. ஆனால் கேள்வி கற்பனை இல்லை. மருத்துவர் வேலை மாறுவார், நோயில் படுப்பார், ஊர் மாறுவார். சில நேரம் நோயாளிக்கே அந்த மருத்துவரிடம் மனம் ஒட்டாது. இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், இங்கே பணிபுரியும் தமிழ் மருத்துவர்கள், நர்ஸ்களுக்கும் இந்தக் கட்டத்தை விளக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவரின் ஒரு வாரத்தைக் காகித வேலை விழுங்கிவிடக் கூடாது.

சொல்லைப் பற்றி முதலில் ஒன்று. தமிழில் இதைப் பலரும் 'கருணைக்கொலை' என்கிறார்கள். நான் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். இங்கே யாரும் யார்மீதும் கருணை கொண்டு முடிவெடுப்பதில்லை. முடிவு நோயாளியுடையது மட்டுமே. அவர் சார்பாக மகனோ கணவனோ கேட்க முடியாது. முன்கூட்டியே எழுதி வைத்த உயிலைக் காட்டியும் கேட்க முடியாது. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் சொந்தக்காரர்கள், '2018-இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே' என்பார்கள். அந்தத் தீர்ப்பு, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்வதைப் பற்றியது. மருந்து கொடுத்து உதவுவது இந்தியாவில் இன்றும் குற்றம்தான். இரண்டும் வேறு வேறு.

மேற்கு ஆஸ்திரேலியாவின் சட்டம் 2019-இல் நிறைவேறி, 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிரம்பியவராகவும், ஆஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவராகவும், முதல் வேண்டுகோள் வைக்கும்போது இந்த மாநிலத்தில் குறைந்தது 12 மாதம் வசித்தவராகவும் இருக்க வேண்டும். பெரும்பாலும் 6 மாதத்துக்குள், நரம்புச் சிதைவு நோய் என்றால் 12 மாதத்துக்குள், மரணத்தை உண்டாக்கக்கூடிய முற்றிய நோய் இருக்க வேண்டும். தாங்கத்தக்க அளவுக்குக் குறைக்க முடியாத வேதனை, முடிவெடுக்கும் திறன், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமை ஆகியவையும் தேவை. பிள்ளைகளோடு இருக்கத் தற்காலிக விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இந்த வழி இல்லை. இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில்: யார் யாருக்கு என்ன பொறுப்பு

பொறுப்பு மாற்றத்தைப் புரிந்துகொள்ள மூன்று பேரைத் தெரிந்தால் போதும்.

நோயாளியின் முதல் வேண்டுகோளை ஏற்றுக்கொள்பவர் ஒருங்கிணைப்பு மருத்துவர். முதல் மதிப்பீடு, படிவங்கள், இறுதிப் பரிசீலனை, மருந்துச்சீட்டு எல்லாம் இவர் தலையில்தான். அவர் அனுப்ப, தனியாகவும் சுதந்திரமாகவும் பரிசோதித்து முடிவு சொல்பவர் இரண்டாம் மதிப்பீட்டு மருத்துவர். மருந்தை நோயாளியே உட்கொள்வது முடியாது அல்லது பொருத்தமில்லை என்ற நிலை வந்து, மருத்துவப் பணியாளரே செலுத்துவது என்று முடிவானால் அதைச் செய்பவர் செலுத்தும் பொறுப்பாளர். தொடக்கத்தில் ஒருங்கிணைப்பு மருத்துவரே செலுத்தும் பொறுப்பாளராகவும் இருப்பார்.

ஆகவே 'டாக்டர் மாறுகிறார்' என்று குடும்பம் சொல்லும்போது முதல் கேள்வி: எந்தப் பொறுப்பு மாறுகிறது? ஒருங்கிணைப்பா, செலுத்துவதா? இரண்டுக்கும் விதிகள் தனித்தனி. இதைக் குழப்பிக்கொண்டு தவறான படிவத்தைத் தேடினால் நாள்தான் வீணாகும்.

அடுத்து: எந்தக் கட்டத்தில் நிற்கிறோம்

எல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வழி இப்படிப் போகிறது: முதல் வேண்டுகோள், முதல் மதிப்பீடு, இரண்டாம் மதிப்பீடு, இரு சாட்சிகள் முன் எழுத்துமூல அறிவிப்பு, இறுதி வேண்டுகோள், இறுதிப் பரிசீலனை, மருந்தை யார் கையால் என்ற முடிவு, மருந்துச்சீட்டு.

ஒருங்கிணைப்புப் பொறுப்பைச் சட்டம் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்க விடுவதில்லை. இரண்டாம் மதிப்பீட்டை முடித்து, 'இவர் தகுதியுள்ளவர்' என்று முடிவு சொன்ன மருத்துவருக்கு மட்டுமே கொடுக்கலாம். அவரும் ஏற்க வேண்டும். அதாவது இரண்டாம் மதிப்பீடு முடிவதற்கு முன்னால் மாற்றிக்கொடுக்க ஆள் இல்லை.

நம் அம்மா நிற்பது அங்கேதான். முதல் மதிப்பீடு முடிந்திருக்கிறது, இரண்டாவது நடக்கவில்லை. இப்போது மருத்துவர் அப்படியே விலகிப் போனால், அம்மா வேறொரு மருத்துவரிடம் புதிதாக முதல் வேண்டுகோள் வைக்க வேண்டிவரும். முதல் வேண்டுகோளுக்கும் இறுதி வேண்டுகோளுக்கும் நடுவே காத்திருக்க வேண்டிய 9 நாள் கணக்கும் புதிதாகத் தொடங்கும். மாறாக, மருத்துவர் விடுப்பில் போவதற்கு முன்பே, பின்னால் பொறுப்பேற்கத் தயாராக இருக்கும் ஒருவரிடம் இரண்டாம் மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டால், அது 'தகுதியுண்டு' என்று முடிந்ததும் பொறுப்பை அவருக்கே மாற்றலாம். செய்து முடித்த வேலை எதுவும் வீணாகாது.

என் கருத்தில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம் இதுதான். இரண்டாம் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் நாளன்றே, 'நாளை எனக்கு முடியாமல் போனால் இவர் ஏற்றுக்கொள்வாரா?' என்று கேட்டு வைக்க வேண்டும். பல நேரங்களில் இரண்டாம் மதிப்பீட்டுக்கு நேரம் கிடைத்த யாரையாவது பிடித்துவிடுகிறார்கள். அவர் தகுதியுள்ளவராகவும் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் இறுதிவரை கூட வருவதற்கு அவரால் முடியாமல் போகலாம். பொறுப்பை ஒப்படைக்கும் செயலைச் செய்ய வேண்டியவர் முதல் மருத்துவர்தான் என்பதால், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே இதைப் பேசி வைப்பது நல்லது.

நாள் கணக்கையும் பார்த்துவிடுவோம். முதல் வேண்டுகோள் வைத்த நாளையும் சேர்த்து 9 நாள். மார்ச் 3 அன்று கேட்டால் மார்ச் 11-உடன் அந்தக் காலம் முடிகிறது. 12-ஆம் தேதியிலிருந்து இறுதி வேண்டுகோள் வைக்கலாம். அதோடு, இரண்டாம் மதிப்பீடு முடிந்த நாளிலேயே இறுதி வேண்டுகோள் வைக்க முடியாது, குறைந்தது மறுநாளாக இருக்க வேண்டும். அதற்குள் உயிர் பிரியலாம், அல்லது முடிவெடுக்கும் திறன் போய்விடலாம் என்று ஒருங்கிணைப்பு மருத்துவர் கருதி, இரண்டாம் மதிப்பீட்டு மருத்துவரும் அதை ஒத்துக்கொண்டால், 9 நாள் காத்திருப்பைக் குறைக்க இடமுண்டு.

ஒருங்கிணைப்புப் பொறுப்பு மாறும் விதம்

நோயாளி கேட்டும் மாற்றலாம், மருத்துவர் தாமாகவும் மாற்றலாம். நோயாளி காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நம் ஆட்கள் டாக்டரிடம் 'உங்களை மாற்ற வேண்டும்' என்று சொல்லவே கூச்சப்படுவார்கள். இத்தனை நாள் பார்த்தவர் மனம் புண்படுமோ என்று தயங்குவார்கள். இந்த விஷயத்தில் அந்தக் கூச்சம் வேண்டாம். வாழ்க்கையின் கடைசி முடிவை யார் கூட இருக்க எடுப்பது என்பது நோயாளியின் உரிமை.

முதல் மருத்துவர் இரண்டாம் மருத்துவரிடம் கேட்கிறார். கேட்டதிலிருந்து 2 வேலை நாளுக்குள் ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று அவர் பதில் சொல்லியாக வேண்டும். 'வேலை நாள்' என்பதைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கேட்டால் பதில் செவ்வாய்க்கிழமை வரை தள்ளலாம். ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று கேட்டால் அடுத்த புதன் வரை இழுக்கும். வாரத்தின் தொடக்கத்தில் கேட்பது சின்ன விஷயம்தான், ஆனால் நோயாளிக்குச் சில நாள் மிச்சமாகும்.

அவர் ஏற்றுக்கொண்டால் முதல் மருத்துவருக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. நோயாளிக்குச் சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏற்றதிலிருந்து 2 வேலை நாளுக்குள் பொறுப்பு மாற்றப் படிவத்தை நிரப்பி, இந்தச் சட்டம் நடப்பதைக் கண்காணிக்கும் உதவி மரண வாரியத்துக்கு நகல் கொடுக்க வேண்டும். 'அவர் ஏற்றுக்கொண்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார்' என்று படிவத்தை அவர்மேல் தள்ளிவிடக் கூடாது. படிவம் விடுவிப்பவரின் கடமை.

அவர் மறுத்தால்? முதல் மருத்துவர் இன்னும் பொறுப்பில்தான் இருக்கிறார். வேறொரு மருத்துவரிடம் மீண்டும் ஓர் இரண்டாம் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். அந்தப் புதியவர் அனுப்பியதை ஏற்று, நேரில் பரிசோதித்து, தகுதியுண்டு என்று சொல்லி, பொறுப்பையும் ஏற்றால் மாற்றம் நடக்கும். ஆனால் புதியவர் மதிப்பீட்டை ஏற்றுக்கொண்ட பிறகு பழைய இரண்டாம் மதிப்பீட்டை நம்பி மேற்கொண்டு நகர முடியாது. புதியவர் சொல்வதுதான் கணக்கு. அவர் 'தகுதியில்லை' என்று சொல்லவும் கூடும். அதனால் இந்தப் பாதையில் கால் வைக்கும் முன் நோயாளியிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பொறுப்பேற்பவருக்கும் தகுதி வேண்டும். சிறப்பு மருத்துவராகப் பதிவு செய்து குறைந்தது ஓராண்டு பணி, அல்லது பொதுப் பதிவில் குறைந்தது 10 ஆண்டு பணி. வெளிநாட்டில் பயின்ற சிறப்பு மருத்துவர்களுக்குத் தனி வழி உண்டு. அதோடு சட்டம் கேட்கும் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். நோயாளியின் குடும்பத்தாராகவோ அவர் மரணத்தால் பணப் பலன் பெறுபவராகவோ இருக்கக் கூடாது. 'நம்ம சித்தப்பாவே டாக்டர்தானே' என்பது இங்கே செல்லாது.

செலுத்தும் பொறுப்பு மாறும் விதம்

இது வேறு கதை. நோயாளி, மருத்துவப் பணியாளரே செலுத்தட்டும் என்று முடிவெடுத்து, மருந்துச்சீட்டும் எழுதப்பட்ட பிறகு, மருத்துவரால் செலுத்த முடியவில்லை, அல்லது மனம் வரவில்லை என்றால் அந்தப் பொறுப்பை மட்டும் இன்னொருவருக்கு மாற்றலாம். காரணம் எதுவாகவும் இருக்கலாம். கடைசி நிமிடத்தில் கை நடுங்கும் மருத்துவரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நோயாளிக்கும், தயங்கும் ஒருவரின் கையில் தன்னை ஒப்படைக்காமல் இருப்பது நல்லது.

இதற்கு இரண்டாம் மதிப்பீடு செய்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தகுதியும் பயிற்சியும் உள்ள மருத்துவரோ, குறைந்தது 2 ஆண்டு அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ (கூடுதல் படிப்பும் அதிகாரமும் பெற்ற உயர்நிலை நர்ஸ்) ஏற்கலாம். பரந்த மாநிலம் இது. வடக்கே புரூம் நகரத்துக்குப் பெர்த்திலிருந்து சாலையில் 2,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே தகுதியுள்ள நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் இருந்தால் அது எத்தனை பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். இதிலும் நோயாளிக்குத் தெரிவிப்பது, பதிவேட்டில் எழுதுவது, 2 வேலை நாளுக்குள் அதற்கான தனிப் படிவம் ஆகிய கடமைகள் உண்டு. மருந்து ஏற்கெனவே முதலாமவர் கையில் வந்துவிட்டிருந்தால், அதைப் புதியவரிடம் கொடுக்க அவருக்கும், வாங்கிக்கொள்ளப் புதியவருக்கும் சட்டம் அனுமதி தருகிறது. செலுத்தும் பொறுப்பு மாறினாலும் ஒருங்கிணைப்பு மருத்துவர் அவர் இடத்திலேயே இருக்கிறார்.

படிவத்தில் இல்லாத ஒப்படைப்பு

படிவம் வாரியத்துக்கு. நோயாளிக்கு வேண்டியது அதைவிடக் கூடுதல். பொறுப்பை மாற்றும் மருத்துவர் புதியவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது என்று நான் நினைப்பவை இவை. எந்த வேண்டுகோள் எந்தத் தேதியில், யார் யார் இருக்கும்போது வைக்கப்பட்டது. விழுங்கும் திறன் எப்படி இருக்கிறது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது. வலிக்கு இப்போது என்ன மருந்து, வலிதணிப்புச் சிகிச்சைக் குழுவில் யாருடன் பேச வேண்டும். முடிவெடுக்கும் திறன் பற்றி ஏதாவது தயக்கம் எழுந்ததா, எழுந்திருந்தால் எப்படித் தீர்ந்தது. வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது.

கடைசியாகச் சொன்னது சாதாரணமல்ல. மூத்த மகனுக்குத் தெரியும், இளைய மகளுக்குத் தெரியாது என்ற வீடுகள் உண்டு. புதிய மருத்துவர் தெரியாமல் வாய் தவறினால், இறப்பதற்கு முன்பே அந்தக் குடும்பம் உடைந்துபோகும். யாரிடம் சொல்வது என்பதும் நோயாளியின் முடிவே.

மொழிபெயர்ப்பாளர்

தமிழில் மட்டும் மனம் திறந்து பேசக்கூடிய பெரியவர்களுக்கு இது மிக முக்கியம். மகளோ மருமகனோ மொழிபெயர்க்க முடியாது. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். அவர் குடும்பத்தாராக இருக்கக் கூடாது, மரணத்தால் பலன் பெறுபவராகவும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் மனம் வருந்த வேண்டியதில்லை. 'போதும்மா, வலிக்குது' என்று அம்மா சொல்வதை, 'போக விரும்புகிறேன்' என்றும் மொழிபெயர்க்கலாம், 'இன்றைக்குச் சிகிச்சை போதும்' என்றும் மொழிபெயர்க்கலாம். அந்த வேறுபாட்டின் சுமையைப் பெற்ற பிள்ளைமேல் ஏற்றக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மருத்துவர் மாறும்போது முடிந்தவரை அதே மொழிபெயர்ப்பாளரையே தொடர்ந்து கேளுங்கள். இலங்கைத் தமிழ் பேசுபவருக்கும் தமிழ்நாட்டுத் தமிழ் பேசுபவருக்கும் உடல் நோவைச் சொல்லும் சொற்கள் கொஞ்சம் மாறும். பேச்சு குழறும் நோயாளியின் உச்சரிப்புக்கு ஒருவர் காது பழகியிருந்தால் அது பெரிய செல்வம். பெர்த்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நினைத்தவுடன் கிடைப்பார் என்று எண்ணாமல் தேதியை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

போனில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்

இந்தச் சட்டத்தின்படி நேரும் மரணம் தற்கொலை அல்ல என்று மாநிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஆஸ்திரேலியா முழுவதற்குமான குற்றவியல் சட்டம், தற்கொலையைத் தூண்டும் அல்லது அதற்கு வழி சொல்லும் தகவலைத் தொலைத்தொடர்பு வழியாகப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. விக்டோரியா மாநிலத்துச் சட்டம் தொடர்பான வழக்கில், 2023 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம், உதவி மரணமும் அந்த விதியின் பொருளில் 'தற்கொலை'க்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதனால் மருத்துவர்கள் போன், மின்னஞ்சல், வீடியோ அழைப்பில் இதைப் பேசத் தயங்குகிறார்கள். புதிய மருத்துவர் 'நேரில் வாருங்கள்' என்றோ 'நான் வருகிறேன்' என்றோ சொன்னால் அது அலட்சியம் அல்ல. தொலைவில் வாழும் படுக்கை நோயாளிக்கு இந்த நிலை இழைக்கும் அநீதியைக் கூட்டாட்சி அரசு திருத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை, பெர்த்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு மருத்துவரின் பயணத்துக்கோ நோயாளியின் பயணத்துக்கோ மாநில அரசின் வட்டார உதவித் திட்டம் இருக்கிறது. மாநில அளவிலான வழிகாட்டிச் சேவையிடம் கேட்டால் அதைப் பற்றிச் சொல்வார்கள். பொறுப்பேற்க மருத்துவர் கிடைக்காமல் தவிக்கும்போதும் தட்ட வேண்டிய முதல் கதவு அந்தச் சேவைதான்.

மனசாட்சி காரணமாக மறுப்பவர்

இது பொறுப்பு மாற்றம் அல்ல, ஆனால் குடும்பங்கள் இதையும் அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கின்றன. முதல் வேண்டுகோளைக் கேட்கும் மருத்துவர், மத நம்பிக்கையாலோ மனசாட்சியாலோ மறுக்கலாம். அப்படியானால் உடனே சொல்ல வேண்டும், அரசு வகுத்த தகவல் குறிப்பையும் கையில் கொடுக்க வேண்டும். வேறு காரணத்தால் மறுப்பவருக்கு 2 வேலை நாள் அவகாசம். அவர் பொறுப்பை ஏற்கவே இல்லை என்பதால் மாற்றிக்கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

சில மத நிறுவனங்களின் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் தங்கள் வளாகத்தில் இதை அனுமதிப்பதில்லை. குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ் சட்டங்கள் அப்படிப்பட்ட இடங்களுக்கென்று விதிகளை எழுதியிருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியச் சட்டத்தில் அது இல்லை. ஆகவே இல்லத்தில் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

மாறிய பின் செய்ய வேண்டியவை

நோயாளி தாமே மருந்தை உட்கொள்வதாக முடிவெடுத்திருந்தால், தொடர்பாளராக ஒருவரை நியமித்திருப்பார். பெரும்பாலும் கணவனோ மகளோ. பயன்படாத மருந்து மிஞ்சினால் இறந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டியவர் அவர். இறப்பை ஒருங்கிணைப்பு மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியவரும் அவரே. மருத்துவர் மாறிய செய்தி இவருக்கு வந்து சேராவிட்டால், அழுதுகொண்டே பழைய எண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். புதிய மருத்துவரின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டுங்கள்.

புதிய மருத்துவர் முதல்முறை வரும்போது நோயாளியைத் தனியாகச் சந்திக்க நேரம் விடுங்கள். அவர் மறுபடியும், 'இது உங்கள் விருப்பம்தானா?' என்று கேட்பார். முன்பே சொன்னதை ஏன் திரும்பக் கேட்கிறார் என்று எரிச்சல்படாதீர்கள். எந்தக் கட்டத்திலும், மருந்து வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும்கூட, வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை இருக்கிறது. புதிய முகத்திடம்தான் சிலருக்கு அதைச் சொல்ல வாய் வரும்.

பொறுப்பை ஒப்படைத்த பழைய மருத்துவர் அத்தோடு அந்நியராகிவிட வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் கீழான பொறுப்புதான் கை மாறியது. அவர் குடும்ப மருத்துவராக இருந்தவர் என்றால், விடுப்பு முடிந்து திரும்பியதும் வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து எழுதலாம், வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்காரலாம்.